குளிர்ப்பெட்டி

அவர்கள் வருவதை முதலில் காதுதான் அறியும்.
காலடிச் சத்தமல்ல, உறுமல்.
முப்பது முதுகுகளில் முப்பது குளிர்ப்பெட்டிகள்,
எல்லாம் மீன் வியாபாரிகளிடம் பிடுங்கியவை.
கெல்மூ நிலவின் மூன்றாம் துறையில்
அந்த உறுமல் கேட்டால் கடைகளைச் சாத்துவார்கள்.
நான் திறப்பேன்.
கம்ப்ரசர், வாயு, பாட்டரி:
பழுது பார்க்கிறவள் நான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்:
அவர்கள் வாள் இரும்பல்ல,
வால்மீனின் நெஞ்சிலிருந்து வெட்டியெடுத்த பனி.
சத்தியத்தைக் காக்கிற கையில் அது உருகாது.
உருகாதவரை, அந்தக் கை நீட்டினால்
எதுவும் நிற்கும்.
சத்தியம் போனால் என்ன,
குளிர் இருந்தால் போதும் என்று
யாரோ ஒருவன் கண்டுபிடித்தான்.
என் முதல் வாடிக்கையாளன் அவன்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது
எஞ்சின் செத்த தாதுக் கப்பலொன்று
எங்கள் சந்தையின் மேல் விழுந்தது.
விழுந்துகொண்டே இருந்தது.
வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர்
கொடியில் துணி போடுவதுபோலக்
கையை உயர்த்தினார்.
கப்பல் நின்றது.
இரண்டு சூரியனும் உச்சியில்;
அவர் வாளிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.
மூக்கிலிருந்துதான் ரத்தம்.
அம்மா ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தாள்,
எங்கள் வீட்டின் ஒருநாள் பங்கு.
பாதி குடித்துவிட்டு
மீதியை என்னிடம் நீட்டினார்.
ஒஸ்கரேத் என்று பேர்.

அதே கைதான் இப்போது
குழாய்த் தெருவின் தண்ணீரை நிறுத்துகிறது,
தொடாமலே,
பத்தில் ஒன்று கட்டும்வரை.

ஊரில் பெரிய பெரிய கதைகள்.
இருண்ட கிரகமாம், சாபமாம், கறுப்புச் சூரியனாம்.
வாயு மாற்றும்போது நானே கேட்டேன்.
வெகுநேரம் பெட்டியையே பார்த்துவிட்டுச் சொன்னார்:
"காலுறை.
முதல் தடவை காசு வேண்டாமென்றார் கடைக்காரர்.
இரண்டாம் தடவை
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
அன்று இரவு தலையணை நனைந்திருந்தது.
அழுதிருக்கிறேன் போல என்று
கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.
வாள்."

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும்.
துறையின் மின்சாரம் என் பட்டறை வழியாகப் போகிறது.
பெட்டிகள் சார்ஜில் கிடக்கும் இரவில்
நாற்பது நிமிடம் அறுத்தால்
முப்பது பேரும் வெறுங்கைக்காரர்கள்.
நுரெக் வந்து கேட்டான்.
தெயில்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு
கேட்காமலே நின்றாள்.
சரி என்றேன்.
அன்றிரவு சுவிட்சில் கை வைத்தேன்.
வைத்தபடியே மனக்கணக்கு ஓடியது:
முப்பது பெட்டி, மாதம் இரண்டு முறை வாயு.
விடிந்ததும்
விலையை இரட்டிப்பாக்கினேன்.
பேரம் பேசாமல் கொடுத்தார்கள்,
குழாய்த் தெருவின் காசிலிருந்து.

போன வாரம் ஒஸ்கரேத் செத்துப்போனார்,
என் பெஞ்சில், தன் முறைக்குக் காத்திருந்தபடி.
கூட வந்தவர்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டார்கள்.
பெட்டி பழசு, வேண்டாமென்றார்கள்.

திறந்தேன்.
ஒரு கோப்பை அளவு தண்ணீர்,
அதில் விரல் நீளத்துக்கு மிதக்கும் ஒரு சில்லு.
எந்தச் சத்தியமும் செய்யாத கை என்னுடையது,
மீற எதுவுமில்லை என்று நினைத்து
எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
எண்ணவில்லை என்று சொல்லலாம்.
எண்ணினேன்.
பதினொன்று.

கெல்மூவில் யாரும் தண்ணீரைக் கொட்டுவதில்லை.
வடிகட்டித் தெருத்தொட்டியில் சேர்த்துவிட்டேன்.
மறுநாள் காலை தெயில்மா வந்தாள்,
தண்ணீரில் ஏதோ மீன் வாடை என்று.

குழாய் பழசு என்றேன்.